வரி குறைந்த நேரத்தில் டிஸ்க் ஹாரோ: புதிது வாங்குவதா, தேய்ந்ததைப் பழுது பார்ப்பதா?

கோடை உழவு நெருங்குகிறது. கொட்டகை ஓரம் நிற்கும் டிஸ்க் ஹாரோவை இழுத்து வெளியே விடும் நேரம் இது. இந்த ஆண்டு அதோடு ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. "பண்ணைக் கருவிக்கு வரி குறைஞ்சிருச்சாமே, பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்துடலாமா?" வயல் விழாக்களிலும் பயிற்சிகளிலும் பலர் இதைக் கேட்கிறார்கள். சட்டகம் நேராக இருக்கிற ஹாரோவாக இருந்தால் என் பதில், வேண்டாம் என்பதுதான். அதே வரிக் குறைப்பை உதிரிபாகம் வாங்கப் பயன்படுத்துங்கள். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். பல ஊர்களில் சட்டி இருக்கிற எல்லாவற்றையும் சட்டிக் கலப்பை என்கிறார்கள். இரண்டு மூன்று பெரிய சட்டிகள் தனித்தனியாகச் சாய்ந்து நிற்பது டிஸ்க் பிளவ். இங்கே பேசுவது ஹாரோவைப் பற்றி. ஒரே சதுரத் தண்டில் ஆறு, எட்டு சட்டிகளை வரிசையாகக் கோத்து, அப்படிப்பட்ட கோவைகளை முன்னும் பின்னும் எதிரெதிர்க் கோணத்தில் பொருத்திய கருவி. இந்தக் கோவையைப் பட்டறைகளில் கேங் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வரிக் குறைப்பு என்ன செய்தது?

2025 செப்டம்பர் 3-ம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-வது கூட்டத்தில் எடுத்த முடிவு, செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்தது. டிராக்டருக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதம் ஆனது. டிராக்டர் டயருக்கும் குறிப்பிட்ட சில டிராக்டர் உதிரிபாகங்களுக்கும் 18-ல் இருந்து 5 ஆனது. மண்ணைப் பண்படுத்தும் கருவிகளுக்கும் 12 போய் 5 வந்தது. செய்திகளில் பெரிதாக வந்தது டிராக்டர் விலைதான். நமக்கு முக்கியமான ஒரு வரி அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது: மண் பண்படுத்தும் கருவிகளின் பாகங்களுக்கும் இதே குறைப்பு உண்டு. அதாவது முழு ஹாரோவுக்கு என்ன வரியோ, ஹாரோவின் சட்டிக்கும் ஸ்பூலுக்கும் அதே 5 சதவீதம்தான்.

12-ல் இருந்து 5 என்றதும் விலை 7 சதவீதம் குறையும் என்று நினைக்கிறோம். 100 ரூபாய்ப் பொருள் முன்பு 112-க்கு வந்தது, இப்போது 105-க்கு வரும். 112-ல் 7 ரூபாய் குறைந்தால் 6.25 சதவீதம். வரியோடு சேர்த்து 1,12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஹாரோ, கம்பெனி அடிப்படை விலையைக் கூட்டாமல் இருந்தால் 1,05,000-க்குக் கிடைக்கும். ஏழாயிரம் ரூபாய் மிச்சம் என்பது நல்ல காசுதான். அந்த ஏழாயிரத்துக்காக ஒரு லட்சத்தை வெளியே எடுப்பது, அதிலும் கடன் வாங்கி எடுப்பது, வேறு கணக்கு.

எல்லாமே 5 சதவீதத்துக்கு வந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். பொதுவான பேரிங் கடையில் வாங்கும் பேரிங், சாதாரண நட்டு போல்ட், வெல்டிங் ராடு ஆகியவை 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. ஆகவே "எல்லாத்துக்கும் அஞ்சுதானே" என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் சட்டிக்கும் ஸ்பூலுக்கும் இன்னமும் 12 போட்டு பில் வந்தால் கேட்கலாம், கேட்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சட்டியில் விரிசல் விட்டால் மாற்றித் தரச் சொல்லிப் போய் நிற்கவும் பில் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் கருவிக்கு 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் தருகிறார்கள். அது புதுக் கருவிக்கு. தேய்ந்த சட்டியை மாற்றவும் பேரிங் போடவும் அப்படி ஒரு கை கிடையாது. மானியமும் வியாபாரியும் கடன் தரும் வங்கியும் எல்லோருமே உங்களைப் புதியதின் பக்கமே தள்ளுகிறார்கள். பழுது பார்ப்பதின் பக்கம் நிற்பது ஊர்ப் பட்டறைக்காரரும் உங்கள் கணக்கு நோட்டும் மட்டும்தான். உதிரிபாகத்துக்கு வரி குறைந்திருப்பது அந்த வகையில் அரிதாகக் கிடைத்த உதவி. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தேய்மானம் எங்கே காசைத் தின்கிறது?

சட்டி எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. விட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 24 அங்குலச் சட்டி புதிதில் ஆறு அங்குலம் வரை இறங்கும். அது தேய்ந்து 20 அங்குலம் ஆனால், ஐந்து அங்குலத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. விளிம்பு மழுங்கி, தடித்துப்போன சட்டி மக்காச்சோளத் தட்டையை வெட்டாமல் மண்ணுக்குள் அழுத்திவிட்டு உருளும். பருத்தி மாரை வெட்டாமல் தள்ளிக்கொண்டே போகும். ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார், கட்டி உடையவில்லை, இன்னொரு சால் ஓட்டுவார்.

அந்த இன்னொரு சாலுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். 45 குதிரைத்திறன் டிராக்டரில் 16 சட்டி ஹாரோ ஓட்டினால் ஏக்கருக்கு மூன்று நான்கு லிட்டர் டீசல் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிராக்டரின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதையே போடுங்கள். லிட்டர் 90 ரூபாய் என்றாலும், தேய்ந்த சட்டியால் 100 ஏக்கரில் ஒரு சால் கூடுதலாக ஓட்டினால் 300 முதல் 400 லிட்டர். அதாவது 27,000 முதல் 36,000 ரூபாய். இப்போது சட்டி விலைக்கு வாருங்கள். ஒரு சட்டி 1,500 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால், 16 சட்டிக்கு 24,000, வரி 5 சதவீதம் 1,200, மொத்தம் 25,200. வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அந்த நூறு ஏக்கரிலேயே முதல் திரும்பிவிடுகிறது. டயர் தேய்மானம், ஓட்டுநர் கூலி, இரண்டாவது சாலில் மண் இறுகுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அதே கணக்கு பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு வேறு மாதிரி வரும். சொந்த நிலத்தில் மட்டும் ஓட்டினால் கூடுதல் சாலுக்கு ஆண்டுக்கு மூவாயிரம் சொச்சம்தான் போகிறது. அவர் முழு செட் சட்டியும் மாற்றினால் முதல் திரும்ப ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அவருக்கு என் யோசனை: பேரிங்கையும் சீலையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், முன் கேங்கை மட்டும் பாருங்கள், முழு மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டாம். உழவுக்கு நிறையப் பழுது இருந்தால் அந்தப் பருவத்துக்கு வாடகைக்கு எடுப்பதே லாபம்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் நாள். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்கு முன் நிலம் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் பேரிங் உடைந்து ஹாரோ பட்டறையில் கிடந்தால், பட்டறைக்காரரிடம் ஏற்கெனவே பத்துப் பேர் வரிசையில் இருப்பார்கள்.

உயிர் ஆபத்தும் இதில் உண்டு. சட்டி இறங்கவில்லை என்றால் நம் ஆட்கள் உடனே செய்வது, மேலே கல்லை ஏற்றுவது. கல் கிடைக்காவிட்டால் ஒரு பையனை உட்கார வைப்பது. ஓடுகிற ஹாரோவின் மேல் ஆள் உட்காரக் கூடாது. ஒரு குலுக்கலில் விழுந்தால் விழுகிற இடம் சட்டிக்கு முன்னால்தான். எடை வேண்டுமென்றால் இறுக்கிக் கட்டிய எடை. அதற்கும் முன்னால் சட்டியின் விட்டத்தை அளந்து பாருங்கள்.

பேரிங்கில் தொடங்குங்கள்

ஹாரோவைப் பார்க்கும்போது எல்லோர் கண்ணும் சட்டிக்குத்தான் போகும். நான் பேரிங்கில் தொடங்கச் சொல்வேன். சட்டி தேய்வது ஊருக்கே தெரியும்படி மெதுவாக நடக்கும். பேரிங் உள்ளே இருந்து ஒரே நாளில் போகும், போகும்போது தண்டையும் ஹவுசிங்கையும் சேர்த்துக்கொண்டு போகும்.

ஹாரோவை டிராக்டரின் ஹைட்ராலிக்கில் தூக்கி, அடியில் கனமான மரக்கட்டை கொடுத்து இறக்கி உட்கார வையுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை விடவே கூடாது. லீவரில் ஒரு குழந்தையின் கை பட்டால் போதும். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கேங் தரையில் படாமல் தொங்கட்டும். கனமான தோல் கையுறை போட்டுக்கொண்டு கேங்கை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்ற சத்தம், ஓரிடத்தில் பிடித்து விடுகிற உணர்வு, ஹவுசிங் ஓரத்தில் கருப்பாக வழிந்த கிரீஸ், அதில் துருப்பொடி, இவற்றில் எது இருந்தாலும் திறந்துதான் பார்க்க வேண்டும். பிறகு பேரிங் பக்கத்தில் கடப்பாரையைக் கொடுத்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் நெம்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் பேரிங்கின் காலம் முடிந்தது என்று அர்த்தம். கிரீஸ் அடித்து அதைச் சரிசெய்ய முடியாது.

பழைய மாடல் ஹாரோக்களில் பேரிங்குக்குப் பதிலாக வார்ப்பு இரும்புப் புஷ் இருக்கும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சேற்றுக்கும் மணலுக்கும் அது நன்றாகவே தாங்கும், விலையும் மலிவு. தேய்ந்தால் கழற்றி மாற்றிவிடலாம். புஷ்ஷை எடுத்துவிட்டுப் பேரிங்காக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சீல் எப்படி உட்காரும் என்று முதலில் கேளுங்கள். சீல் சரியாக உட்காராத பேரிங் ஒரு பருவம் தாண்டாது.

திறக்கும் முன் செல்போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். எந்தச் சட்டியின் குழிவுப் பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது, ஸ்பூலின் எந்த முனை எந்தப் பக்கம், பேரிங் எத்தனையாவது ஸ்பூலுக்குப் பக்கத்தில் என்று படத்தில் தெரிய வேண்டும். ஸ்பூலின் ஒரு முனை சட்டியின் குழிவுக்கும் மறுமுனை புறக்குவிவுக்கும் பொருந்தும்படி வார்த்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் இறுகாது. சீலின் உதடு உள்பக்கம் பார்த்திருந்ததா, வெளிப்பக்கமா என்பதையும் கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். கிரீஸ் போடும் ஹாரோக்கள் பலவற்றில் மண் உள்ளே வராமல் இருக்க வெளிப்பக்கம் பார்த்து வைத்திருப்பார்கள். ஆயில் ஊற்றும் ஹவுசிங்கில் ஆயில் வெளியேறாமல் இருக்க உள்பக்கம் பார்த்திருக்கும். இதில் பொது விதி கிடையாது, உங்கள் ஹாரோவில் இருந்ததே விதி.

பேரிங்கின் வளையத்தில் எண் வெட்டியிருப்பார்கள். துடைத்துவிட்டு அந்த எண்ணைக் கொண்டு வாங்குங்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் பெட்டியில் போலிப் பேரிங் வருவது நெடுநாள் தொல்லை. நாலு கடையில் ஒரே விலை சொல்ல, ஐந்தாவது கடை பாதி விலை சொன்னால் அங்கே வாங்க வேண்டாம். பேரிங் மாற்றும்போது சீலையும் மாற்றுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சீலை மிச்சம் பிடித்து, ஆயிரக்கணக்கில் பேரிங்கை இழப்பவர்கள் அதிகம். இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் எதிரெதிராக இருக்கும் ஹவுசிங்கில் நட்டை இறுக்கிக்கொண்டே கையால் சுற்றுங்கள். சுற்றுவது கனமாகும்போது நிறுத்தி, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் தாராளமாகச் சுற்றும் அளவுக்குச் சற்றே தளர்த்தி, பூட்டுப் பின்னைப் போடுங்கள். பூட்டுப் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சட்டியை எப்போது, எப்படி மாற்றுவது?

இன்ச் டேப்பை எடுத்து எல்லாச் சட்டியின் விட்டத்தையும் அளந்து, சாக்பீஸால் சட்டியிலேயே எழுதுங்கள். 24 அங்குலச் சட்டி 21-க்குக் கீழே வந்துவிட்டால் முழு உழவை எதிர்பார்க்காதீர்கள். அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு விஷயம் தெரியும்: முன் கேங் பின் கேங்கைவிட அதிகம் தேய்ந்திருக்கும். இறுகிய மண்ணை முதலில் வெட்டுவது அதுதானே.

இங்கேதான் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. எட்டுச் சட்டிக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால், புதிய எட்டையும் முன் கேங்கில் போடுங்கள். கழற்றிய பழையவற்றில் நல்லதாக நிற்பவற்றைப் பின் கேங்கின் மோசமான சட்டிகளுக்குப் பதிலாகப் போடலாம். ஒரே கேங்குக்குள் மட்டும் புதிதும் பழசும் கலக்காதீர்கள். ஒரு தண்டில் ஏழு சட்டி 20 அங்குலமும் நடுவில் ஒன்று 24 அங்குலமும் இருந்தால், அந்த ஒன்றே மொத்த எடையையும் சுமக்கும். அது வெடிக்கும், இல்லையென்றால் பக்கத்துப் பேரிங்கைக் கொல்லும். ஒரு கேங்கின் சட்டிகள் அரை அங்குல வித்தியாசத்துக்குள் இருப்பது நல்லது.

கடைக்குப் போகும்போது ஒரு பழைய சட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். விட்டம் மட்டும் சொன்னால் போதாது. நடு ஓட்டையின் சதுர அளவு, தகட்டின் தடிமன், குழிவின் ஆழம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். குழிவு மாறினால் ஸ்பூல் ஒட்டாது. பழைய சட்டியின் நடு ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டதா, ஓட்டையின் மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்டின் நட்டு நெடுநாள் தளர்ந்தே ஓடியிருக்கிறது. தண்டின் சதுர முனைகளும் உருண்டிருக்கும். உருண்ட தண்டில் புதுச் சட்டி கோத்தால் அந்தச் சட்டியின் ஓட்டையும் சீக்கிரம் போய்விடும். இந்த நிலையில் தண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி.

வெட்டுப் பல் உள்ள சட்டியா, வட்டச் சட்டியா என்பது மண்ணையும் தட்டையையும் பொறுத்தது. மக்காச்சோளம், கரும்புச் சருகு நிறைய இருக்கும் நிலத்துக்கு முன் கேங்கில் பல் சட்டி, பின்னால் வட்டச் சட்டி. சரளையும் கல்லும் உள்ள செவலில் பல் சட்டியின் முனைகள் சிதறும், அங்கே வட்டச் சட்டி நீடிக்கும். ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலம் எடுத்த நிலத்தில் வேர்க்கட்டை முழுவதும் பொறுக்காமல் ஹாரோவை விட்டால் எந்தச் சட்டியும் தாங்காது. அது சட்டியின் குறை ஆகாது.

சாணை பிடிக்கலாமா என்றால், பிடிக்கலாம். விட்டம் போதுமான அளவு இருந்து விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால், புறக்குவிவுப் பக்கத்தில் கிரைண்டரைச் சாய்வாகப் பிடித்து, விட்டு விட்டுச் சாணை பிடியுங்கள். விளிம்பு நீல நிறமாக மாறினால் சூடு அதிகம், அந்த இடத்தின் பதம் போய்விட்டது. சட்டி கார்பன் அதிகமுள்ள எஃகு அல்லது போரான் எஃகில் செய்து, சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றியது. உலையில் போட்டுக் காய்ச்சி அடித்துக் கூராக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். பழைய கொழுவுக்கு அது சரியாக வந்தது, இதற்கு வராது. விரிசல் விட்ட சட்டியில் வெல்டிங் வைப்பதும் அப்படித்தான். வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும், சில நேரம் துண்டாகத் தெறிக்கும். சுத்தியால் சட்டியை நேராக அடிப்பதும் ஆபத்து, கடினமான எஃகு சில்லாகக் கண்ணுக்குப் பாயும். கண்ணாடி போடாமல் இந்த வேலை எதையும் செய்ய வேண்டாம்.

வெல்டிங் எங்கே உதவும்?

சட்டியில் உதவாத வெல்டிங், சட்டகத்தில் நன்றாக உதவும். சட்டகத்தின் விரிசலுக்கு மேலே அப்படியே ஒரு வரி வெல்டிங் இழுத்துவிட்டுப் போவதைத்தான் பார்க்கிறோம். அது நிற்காது. விரிசல் முடிகிற நுனியில் ஒரு சின்னத் துளை போட்டால் மேலும் ஓடாமல் நிற்கும். பிறகு விரிசலைக் கிரைண்டரால் பள்ளமாக வெட்டித் திறந்து, காய்ந்த 7018 ராடால் உள்ளிருந்து நிரப்பி, மேலே ஒரு பட்டை வைத்துப் பலப்படுத்தச் சொல்லுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சட்டியில் மாட்டிவிட்டுச் சட்டகத்தில் வெல்டிங் வைத்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் குழி விழும். நேற்றுப் போட்ட புதுப் பேரிங் இன்று கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹாரோ டிராக்டரில் மாட்டியிருந்தால் பேட்டரி வயரையும் கழற்றுங்கள்.

மூன்று முனை இணைப்பின் பின்களும் வெல்டிங்கால் காப்பாற்றக்கூடியவையே. இரண்டாம் வகை இணைப்பில் கீழ்ப்பின் 28 மி.மீ., மேல்பின் 25 மி.மீ. பின் தேய்ந்தால் புதிதாகவே வாங்குங்கள், விலை குறைவு. பின் நுழையும் ஓட்டை அகன்றிருந்தால் நிரப்பி லேத்தில் துளைத்து எடுக்கலாம். போல்ட் போடும் இடங்களில் தலையில் 8.8 என்று பொறித்ததைக் கேட்டு வாங்குங்கள். மண் வழிக்கும் ஸ்கிரேப்பர் பட்டை தேய்ந்திருந்தால் அதற்குக் கடை தேட வேண்டியதில்லை. பழைய பிளேட் ஸ்பிரிங்கில் வெட்டி உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துவிடலாம். சட்டிக்கும் ஸ்கிரேப்பருக்கும் நடுவே மூன்று முதல் ஆறு மி.மீ. இடைவெளி இருக்கட்டும். கரிசலில் ஸ்கிரேப்பர் இல்லாத ஹாரோ, மழைக்குப் பிறகு மண் உருளையாகிவிடும்.

வேளாண்மைப் பொறியியல் துறை மாவட்டங்களில் இயந்திரப் பராமரிப்பு முகாம்கள் நடத்துகிறது. போகும்போது உங்கள் பழைய சட்டி, பேரிங், சீல் ஒன்றிரண்டைப் பையில் போட்டு எடுத்துப் போய்க் கேளுங்கள். கையில் பொருள் இருந்தால் பதிலும் பொருளோடு வரும். கொஞ்சம் ஆழமாகக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. ஊருக்கு ஒருவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் அவருக்கும் பிழைப்பு, ஊருக்கும் உழவு தாமதமாகாது.

புதிதுதான் வாங்க வேண்டும் என்ற நிலை எது? சட்டகம் முறுக்கிக்கொண்டு, நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் உட்கார மறுத்தால் அதை நிமிர்த்தி ஓட்டுவது வீண். பெயரில்லாத பட்டறைத் தயாரிப்பாக இருந்து, உடைந்த ஹவுசிங்குக்கும் ஸ்பூலுக்கும் மாற்று எங்குமே கிடைக்கவில்லை என்றாலும் அப்படித்தான். இவை இரண்டும் இல்லாவிட்டால், சட்டி, தண்டு, பேரிங், கூலி எல்லாம் சேர்ந்த பழுதுச் செலவு புது ஹாரோ விலையில் பாதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டாதவரை பழுது பார்ப்பதே என் தேர்வு. வாங்கியே ஆக வேண்டும் என்றால் முதல் கேள்வியாக, இந்த மாடலுக்குச் சட்டியும் ஸ்பூலும் உங்கள் தாலுகாவில் யாரிடம் கிடைக்கும் என்று கேளுங்கள். மானிய அளவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

பழுது முடிந்து முதல் நாள் ஓட்டும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. கேங் தண்டின் நட்டை நீளமான பைப் மாட்டிய ஸ்பேனரால் இறுக்கி, கேங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி இறுக்குங்கள். ஸ்பூல்கள் உட்கார்ந்து நட்டில் சற்று இடம் விடும். முதல் ஏக்கர் முடிந்ததும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், மாலையில் இன்னொரு முறை. புதுச் சட்டி பழையதைவிட நன்றாகப் பிடிக்கும் என்பதால் கேங் கோணத்தைப் பழைய இடத்திலேயே வைத்தால் டிராக்டர் திணறும். கோணத்தைக் குறைத்து வைத்துத் தொடங்கி, ஆழம் போதாவிட்டால் ஒரு ஓட்டை கூட்டுங்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் தினமும் ஓட்டும் முன் அடியுங்கள், சேற்றில் ஓட்டிய நாளில் மாலையிலும் அடியுங்கள். கழுவும்போது மோட்டார் தண்ணீரைப் பேரிங் சீலுக்கு நேராகப் பீய்ச்ச வேண்டாம், தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது.